மே மாதத் திருமணம், பட்டுச் சேலை, மாலை: பொக்கேயை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: வரும் மே மாதம் பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் ஆலயத்தில் காலை 10 மணிக்கு எனக்குத் திருமணம். சந்தன நிறப் பட்டுச் சேலையும் தலையில் நெட்டும் (மெல்லிய வலைத்துணி முக்காடு) அணிகிறேன். இளவரசி டயானாவின் திருமணப் படத்தில் உள்ளதைப் போல அருவியாகத் தொங்கும் பொக்கே வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சின்னதாக, உருண்டையாக இருந்தால் போதும் என்கிறார் அம்மா. மே மாத வெயிலில் எந்தப் பூவும் நிற்காது, துணிப் பூவே நல்லது என்கிறார் அத்தை. என் உயரம் 5 அடி. தாலி கட்டியதும் மாலை மாற்றும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு. எந்தப் பாணியைத் தேர்ந்தெடுப்பது? நம் ஊர்ப் பூக்களையும் அதில் சேர்க்க முடியுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு வாழ்த்துகள். நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் நான் உங்கள் அம்மாவின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அவர் மனத்தில் வைத்திருக்கும் கச்சிதமான உருண்டையைக் காட்டிலும், ஓரம் சற்றுக் கலைந்தாற்போல இருக்கும், காம்புகளோடு கையால் கட்டிய வட்டச் செண்டு உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். உங்கள் அருவி ஆசையையும் முழுவதும் விட்டுவிட வேண்டியதில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். பொக்கே கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதைப் போலவே வேண்டும் என்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கும் பெண் என்ன உடுத்தியிருக்கிறார், எவ்வளவு உயரம், அவருக்குக் கழுத்தில் மாலை விழப் போகிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. அன்று உங்கள் கைகளுக்கு என்னென்ன வேலை இருக்கிறது, உங்கள் உடையின் முன்பக்கத்தில் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்ற இரண்டையும் முதலில் எண்ணிப் பார்த்தால், பாணியைப் பற்றிய குழப்பத்தில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

முதலில் டயானாவின் பொக்கேயையே எடுத்துக்கொள்வோம். 1981 ஜூலை 29 அன்று லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் அவர் ஏந்தியிருந்தது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமானது. கார்டினியா, ஸ்டெபனோடிஸ், ஆர்க்கிட், லில்லி ஆஃப் தி வேலி, மஞ்சள் ரோஜா ஆகியவற்றை ஐவி கொடியோடு இணைத்து அதைச் செய்திருந்தார்கள். அவருடைய உடையின் பின்னால் 25 அடி நீளத்துக்குத் துணி தரையில் புரண்டது; பாவாடைப் பகுதியும் குடை விரிந்தாற்போல அகன்றிருந்தது. அவ்வளவு பெரிய உடைக்கு முன்னால், அவ்வளவு பெரிய ஆலயத்தில், சிறிய செண்டு ஒன்றைப் பிடித்திருந்தால் அது கண்ணுக்கே தெரிந்திருக்காது. டயானா நல்ல உயரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவு அந்த உடைக்காகவும் அந்த உயரத்துக்காகவும் பிறந்தது.

உங்கள் கணக்கு வேறு. 5 அடி உயரமுள்ள ஒருவரின் தொப்புள் தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பொக்கேயைப் பிடிக்க வேண்டிய இடமும் அதுதான். அங்கிருந்து ஒரு மீட்டர் பூ தொங்கினால் அது தரையைக் கூட்டும். கடைகளில் வழக்கமாகச் செய்து தரும் 60 சென்டிமீட்டர் அருவியை எடுத்தாலும் அது முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். முன்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் சேலையின் கொசுவம் மொத்தமும் மறைந்துபோகும். சேலைக்கு அழகே அந்த நேர்கோட்டு மடிப்புகளும் மார்பின் குறுக்கே சாய்வாக ஏறும் முந்தானைக் கரையும்தான். வெற்று வெள்ளை கவுனுக்கு முன்னால் தொங்கும் பொக்கே ஒரு வெறுமையை நிரப்புகிறது. சரிகைக் கரையும் கொசுவமும் உள்ள பட்டுச் சேலைக்கு முன்னால் அப்படி நிரப்ப வெறுமையே இல்லை.

அதற்கு மேல் மாலை இருக்கிறது. உங்கள் பக்கத்து வழக்கப்படி கட்டும் ரோஜா மாலையோ சம்பங்கி மாலையோ முழங்கால் வரை வரும். மாலை கழுத்தில் விழுந்த பிறகு அருவிப் பொக்கேயைப் பிடித்தால் பூவின் மேல் பூ ஏறி, எது மாலை, எது பொக்கே என்று படத்தில் பிரித்தறிய முடியாது. மாலையின் இதழ்கள் நசுங்கும், பொக்கேயின் கம்பி மாலையின் நாரில் மாட்டும். ஆகவே பொக்கே உண்மையில் தனியாகக் கண்ணில் படும் நேரம் இரண்டுதான்: வீட்டிலிருந்து புறப்பட்டு ஆலயத்தின் நடுவழியில் நடந்து பீடத்தை அடையும் வரை ஒன்று, மாலையைக் கழற்றிவிட்டு நீங்கள் இருவரும் படம் எடுத்துக்கொள்ளும்போது மற்றொன்று. மாலைக்குச் சொல்பவரிடமே பொக்கேக்கும் சொல்வது, அல்லது இருவரையும் ஒருமுறை பேச வைப்பது நல்லது. மாலை அடர்சிவப்பிலும் பொக்கே இளஞ்சிவப்பிலும் வந்து ஒன்றையொன்று கெடுப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இனி உங்கள் கைகள். ஆலயத்துக்குள் நடக்கும்போது ஒரு கை அப்பாவைப் பிடித்திருக்கும். ஆகவே பொக்கே ஒற்றைக் கையில், அதுவும் வளையல்கள் நிறைந்த கையில் இருக்கும். பிறகு உடன்படிக்கை சொல்ல வலக்கைகளை இணைக்க வேண்டும், மோதிரம் மாற்ற வேண்டும், தாலி கட்டும்போது தலை குனிய வேண்டும், மாலை போட வேண்டும், கடைசியில் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு முறையும் பொக்கே தோழிப்பெண்ணின் கைக்குப் போய்த் திரும்பும். தொங்கும் பொக்கேயைப் பெரும்பாலும் நீர் ஊறிய பூப்பஞ்சு வைத்த பிளாஸ்டிக் கைப்பிடியில் செருகித்தான் செய்கிறார்கள். தண்ணீரைக் குடித்த அந்தப் பஞ்சு கனமானது. இருக்கையில் கிடத்தினால் முன்பக்கப் பூக்கள் நசுங்கும். சாய்த்தால் கைப்பிடி வழியாக நீர் கசிந்து பட்டில் கறை விழும். கையால் கட்டிய செண்டில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. அது இலேசாக இருக்கும், பக்கவாட்டில் கிடத்தலாம், தேவைப்பட்டால் ஒரு கண்ணாடித் தம்ளரில் நிறுத்தியும் வைக்கலாம்.

தோழிப்பெண் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, பொக்கே அவர் பொறுப்பு என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 1947இல் எலிசபெத் இளவரசியின் திருமணத்தன்று அவருடைய பொக்கே எங்கோ வைக்கப்பட்டுக் காணாமல் போக, படத்துக்காக அவர் பின்னர் மற்றொரு பொக்கேயோடு மீண்டும் மணக்கோலம் பூண வேண்டியிருந்தது. அரண்மனையிலேயே அப்படி நடந்தது என்றால் நம் கல்யாண வீட்டுக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பீடத்தின் படியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஆயரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். சில ஆலயங்களில் அதை விரும்புவதில்லை.

அருவிப் பாணியே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். மாலை வழக்கம் இல்லாத குடும்பம், எளிய வேலைப்பாடுள்ள நீண்ட கவுன், உயரமான மணப்பெண், குளிரூட்டிய மண்டபத்தில் மாலை நேர வரவேற்பு என்று அமைந்தால் அதைவிட அழகான பாணி இல்லை. கையில் குழந்தையை ஏந்துவதுபோல முழங்கையில் கிடத்திப் பிடிக்கும் நீளச் செண்டும் ஒரு பாணியாக இருக்கிறது; அது முந்தானை விழும் தோளோடு மோதுவதால் சேலைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நான் சொல்லும் வட்டச் செண்டு எப்படி இருக்க வேண்டும் என்று இப்போது பார்ப்போம். உங்கள் உயரத்துக்குக் குறுக்களவு 22 முதல் 24 சென்டிமீட்டர் வரை போதும். அதாவது உங்கள் இடுப்பின் அகலத்தைத் தாண்டக் கூடாது. அந்த அளவுக்கு ரோஜாக்கள் 18 முதல் 22 வரையும், இடையிடையே சிறிய பூக்களும் இலைகளும் பிடிக்கும். வெறும் ரோஜாவை மட்டும் நெருக்கி வைத்து மேற்பரப்பை மழமழவென்று ஆக்கினால் படத்தில் அது பந்தைப் போலத் தெரியும். சில பூக்கள் ஒரு விரல் அகலம் மேலே எழுந்தும் சில உள்ளே அமிழ்ந்தும் இருந்தால்தான் பூவுக்குப் பூ நிழல் விழுந்து ஆழம் கிடைக்கும். கட்டும் முறையில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். காம்புகளை எல்லாம் ஒரே திசையில் சாய்வாக, ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்கி, அவை குறுக்கிடும் இடத்தில் ஒரே கட்டாகக் கட்ட வேண்டும். இப்படிக் கட்டிய செண்டின் காம்புகள் கட்டுக்குக் கீழே முறுக்கிய கயிற்றைப் போல விரிந்து நிற்கும். நேராக அடுக்கிக் கட்டியதில் நடுக்காம்புகள் நசுங்கிப் பூ சீக்கிரம் தலை தொங்கும். கட்டுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் காம்பு இருந்தால் இரண்டு கைகளுக்கும் பிடி கிடைக்கும்.

காம்பைச் சுற்றும் ரிப்பன் சாட்டினாக இருக்கட்டும்; சாயம் இறங்காதது என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் மே மாதத்தில் உள்ளங்கை வியர்க்கும். ரிப்பனில் வரிசையாகக் குத்தும் முத்து ஊசிகள் பார்க்க அழகாக இருந்தாலும், தலையில் நெட் அணிபவருக்கு நான் அவற்றை வைப்பதில்லை. நெட்டின் நுண்ணிய கண்ணிகளில் அவை மாட்டிக்கொண்டால் பிரிப்பதற்குள் துணி கிழிந்துவிடும்.

நிறத்தில் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சந்தன நிறப் பட்டின் பக்கத்தில் தூய வெள்ளைப் பூவை வைத்தால் பூ பளிச்சென்று தெரியும், சேலையோ பழுப்பேறியதுபோல மங்கித் தோன்றும். கடையில் தனியாகப் பார்க்கும்போது இது தெரியாது. ஆகவே ரவிக்கை தைத்து மிஞ்சிய துணியில் ஒரு துண்டை எடுத்துப் போய், பகல் வெளிச்சத்தில் பூவோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். அவலாஞ்ச் என்ற வெள்ளை ரோஜா நெருக்கத்தில் பார்த்தால் பாலாடை நிறத்தில், வெளியிதழில் மெல்லிய பச்சை ஓடி இருக்கும்; சந்தனப் பட்டோடு அது சண்டை போடுவதில்லை. அதோடு இளம் பீச் நிற ரோஜாவையோ கார்னேஷனையோ மூன்றில் ஒரு பங்கு கலந்து, அடியில் கரும்பச்சை இலைகளால் ஒரு வளையம் கொடுத்தால், செண்டு சேலையில் கரைந்துபோகாமல் தனித்து நிற்கும். சிவப்பைத்தான் வீட்டார் விரும்புகிறார்கள் என்றால் தாஜ்மஹால் ரோஜா நன்றாக இருக்கும். ஆனால் மாலையும் அதே சிவப்பாக அமைய வேண்டும்.

மே மாதம் என்பதால் பூக்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ரோஜா ஓசூரிலிருந்தும், கார்னேஷனும் லில்லியும் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் உங்கள் ஊருக்கு வந்து சேரும். கோடையில் ரோஜாவின் மொட்டு சற்றுச் சிறுத்து, சீக்கிரம் விரியும். ஆகவே பாதி விரிந்ததாகக் கேட்டு வாங்க வேண்டும். முழுவதும் மலர்ந்தது நண்பகல் வரை நிற்காது. கார்னேஷன் வெயிலைத் தாங்கும், விலையும் கட்டுப்படியாகும். அதை மலிவானது என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படுவதில்லை. டெண்ட்ரோபியம் ஆர்க்கிட் வெப்ப நாட்டுப் பூ என்பதால் உங்கள் வெயிலுக்குப் பயப்படாது. ஊதா, நீலம் என்று உருண்டையாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா படத்தில் மயக்கும். நீரிலிருந்து எடுத்தால் மே மாதத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கத் தொடங்கிவிடும், அதை விட்டுவிடுங்கள். லில்லி வைப்பதாக இருந்தால் அதன் மகரந்தப் பைகளை மலரும்போதே கிள்ளி எடுத்துவிட வேண்டும். அந்தத் தூள் பட்டில் பட்டுவிட்டால் தண்ணீரால் துடைக்கக் கூடாது, கையாலும் தேய்க்கக் கூடாது. செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். நீலச் சாயம் ஏற்றிய பூக்களைக் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள்.

நம் ஊர்ப் பூக்களைச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அருவி ஆசைக்கான வழியும் இங்கேதான் இருக்கிறது. மல்லிகை விளைச்சலுக்குக் கோடை நல்ல காலம். அதற்கு வெளிநாட்டுப் பூக்களைப் போல நீண்ட காம்பு கிடையாது; செண்டில் நேராகச் செருகினால் நிற்காது. ஆனால் நாரில் நெருக்கிக் கட்டிய மொட்டுச் சரத்தைச் செண்டின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் போட்டு, அதிலிருந்து மூன்று சரங்களை வெவ்வேறு நீளத்தில், மிக நீளமானது ஒரு சாணைத் தாண்டாமல், முன்பக்கத்தில் தொங்கவிடலாம். சரம் கனமற்றது, நடக்கும்போது அசையும், கொசுவத்தை மறைக்காது, மாலை விழும் நேரத்தில் மேலே எடுத்துச் செருகிக்கொள்ளவும் முடியும். டயானாவின் பொக்கேயில் இருந்த ஸ்டெபனோடிஸ் பூவுக்கு நம்மிடம் உள்ள நல்ல மாற்று சம்பங்கி. கதிரிலிருந்து ஒற்றைப் பூக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மெல்லிய கம்பியில் ஏற்றி ரோஜாக்களுக்கு இடையே வைத்தால் மெழுகில் செய்ததுபோல மின்னும். பச்சைக்கு மரிக்கொழுந்து கொஞ்சம் வைத்தால் மணத்துக்கு மணமும் ஆயிற்று.

மல்லிகை மொட்டு அன்று அதிகாலை பறித்ததாக இருக்க வேண்டும். அது சாயங்காலத்தில்தான் விரியும், ஆகையால் நண்பகல் வரை வெண்மை மாறாமல் மொட்டாகவே நிற்கும். முந்தின நாள் பூ காலைக்குள் விரிந்து, நுனி பழுக்கத் தொடங்கிவிடும். தோவாளைப் பூச்சந்தை உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, அங்கே விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும் என்பதால் இது சாத்தியமே. மாலைக்கும் அங்கேயே சொல்லலாம். 2025இல் புவிசார் குறியீடு பெற்ற மாணிக்கமாலை அந்த ஊர்க் கைவண்ணம்தான்.

பராமரிப்பில் ஆலயத்தைவிடக் கல்யாண வீடுதான் பொக்கேக்கு ஆபத்தான இடம். வாழைத்தாரும் மாம்பழக் கூடையும் இருக்கும் அறையில் அதை வைக்காதீர்கள். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும்; அது பட்டால் கார்னேஷனின் இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு, பூ தூங்குவதுபோல் ஆகிவிடும், ஆர்க்கிட்டும் வாடும். இதே காரணத்தால் பழம் இருக்கும் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலும் வேண்டாம். ஆர்க்கிட் சேர்த்திருந்தால் 10 டிகிரிக்குக் கீழான குளிரே அதற்கு ஆகாது. வாங்கிய பூக்கள் முந்தின இரவு முழுவதும், கீழ் இலைகளை நீக்கி, காம்பு நுனியைச் சாய்வாக வெட்டி, ஆழமான வாளித் தண்ணீரில் நிற்க வேண்டும். விடியற்காலை 5 மணி அளவில் கட்டி, 7 மணிக்கு உங்கள் கைக்கு வந்தால் சரியாக இருக்கும். அதுவரையும் அதற்குப் பிறகும் காம்பு நுனி இரண்டு விரற்கடை நீரில் நிற்கட்டும், ரிப்பன் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது காம்பைத் துண்டால் ஒற்றித் துடைத்த பிறகே கையில் வாங்குங்கள். காரில் முன்கண்ணாடி அருகிலோ டிக்கியிலோ வைக்க வேண்டாம். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது.

உங்கள் அத்தை சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நன்றாகச் செய்த துணிப் பூ தூரத்துப் படங்களில் தேறிவிடும். ஆனால் பக்கத்திலிருந்து எடுக்கும் படங்களில் இதழ் ஓரத்து நூல் தெரியும், அதோடு மணமும் இருக்காது. வாடாத பூவே வேண்டும் என்று வீட்டில் முடிவானால் துணியைவிட நெட்டியைத் தேடுங்கள். தஞ்சாவூரில் சிற்பங்கள் செய்யப் பயன்படும் அதே நீர்ச்செடியின் வெண்தண்டைச் சீவிச் செய்யும் ரோஜாக்களை இன்று பல நாடுகளில் மணப்பெண் பொக்கேக்குப் பயன்படுத்துகிறார்கள். அதன் வெண்மையும் தந்தம் போல மஞ்சள் தட்டியது என்பதால் உங்கள் சேலைக்குப் பொருந்தும். அதோடு அன்று காலை பறித்த மல்லிகைச் சரத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை அத்தையும் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

பிடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் பலரும் பொக்கேயை மார்பு வரை தூக்கிவிடுவார்கள். அப்போது ரவிக்கையின் வேலைப்பாடும் நகையும் மறைந்து, தோள்கள் மேலேறிக் கழுத்து குறுகித் தெரியும். மணிக்கட்டுகள் இடுப்பெலும்பில் படும்படி தாழ்த்தி, பூவின் முகம் எதிரில் நிற்பவரை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும்படி பிடியுங்கள். வீட்டில் கரண்டிகளை ஒரு கட்டாகப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நான்கைந்து முறை நடந்து பார்த்தால் கை பழகிவிடும்.

மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் திருமணங்கள் நெருக்கமாக வரும். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே கடையில் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது படத்தை மட்டும் காட்டாமல், குறுக்களவு, பூக்களின் பெயர், ஒரு பூ கிடைக்காவிட்டால் அதற்கு மாற்று எது, எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பவற்றை எழுதிக் கொடுங்கள். மாதிரிக்கு நான்கு பூ வைத்துச் சிறிதாக ஒன்று கட்டித் தரச் சொல்லி, அதைக் காலை முதல் நண்பகல் வரை வீட்டுக் கூடத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பூ நிற்கிறது, எது தலை சாய்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். மணமகனின் கோட்டில் குத்தும் பூவும் உங்கள் செண்டில் உள்ள அதே ரோஜாவாக, பாதி விரிந்த ஒற்றை மொட்டாக இருக்கட்டும். மாலை மாற்றும்போது அது நசுங்குவது உறுதி என்பதால், அதைப் போல இன்னொன்றையும் செய்யச் சொல்லித் தோழிப்பெண்ணின் பையில் கொடுத்து வையுங்கள்.